வைக்கோலும் கருவேலங்கட்டையும் எத்தனால் ஆகுமா? – செல்லுலோஸ் எரிபொருளின் முன்பக்குவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று பங்கில் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் என்னும் எரிசாராயம் கலந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வருகிறது. தின்ன முடியாத தாள் (வைக்கோல் போன்ற காய்ந்த தண்டும் இலையும்), கரும்புச் சக்கை, மரம் ஆகியவற்றிலிருந்து எடுப்பதை இரண்டாம் தலைமுறை எத்தனால் என்கிறார்கள். காரைக்குடி, கல்லல், தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் விவசாயிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாக் கேள்விகளும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் அந்தத் தாளை என்ன செய்கிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும் இருக்கிறது.

கரும்புச்சாறு வைத்த இடத்திலேயே புளிக்கிறது. வைக்கோலை ஊறப்போட்டு ஈஸ்ட் போட்டால் ஏன் புளிப்பதில்லை?

நெல்லும் வைக்கோலும் ஒரே பயிரில் விளைந்தவை. அரிசியின் மாவுச்சத்தும் வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையின் சங்கிலிகள்தான். கண்ணியைக் கோத்த விதம் மட்டும் வேறு. மாவுச்சத்தில் ஆல்ஃபா பிணைப்பு. சங்கிலி சுருண்டு நெகிழ்ந்து கிடக்கும், வேகவைத்தால் இளகிவிடும். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. சங்கிலிகள் நீட்டி நிமிர்ந்து, ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டி, படிகமாக இறுகிவிடுகின்றன. அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலி, அதற்கும் மேலே லிக்னின் என்ற கெட்டியான பசை. செடியை நிமிர்ந்து நிற்கவைப்பதும், பூஞ்சையும் பூச்சியும் எளிதில் அரித்துவிடாமல் காப்பதும் இந்த ஏற்பாடுதான். 1838-இல் ஆன்செல்ம் பாயென் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செல்லுலோஸைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதை மலிவாகச் சர்க்கரையாக்கும் வழியை உலகம் இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது.

ஈஸ்டால் தனிச் சர்க்கரையைத்தான் உண்ண முடியும். சங்கிலியை வெட்டிக்கொடுக்க நொதி வேண்டும். நொதியோ பெரிய மூலக்கூறு. லிக்னின் மூடிய தாளுக்குள் நுழைய அதற்கு வழியில்லை.

முன்பக்குவம் என்றால் அதில் உண்மையில் என்ன நடக்கிறது?

நம் ஊர்ப் பழைய வீடுகளின் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி போல வழவழவென்று இருக்கும். அதன் மேல் புதுக் கலவையை அப்படியே பூசினால் பிடிக்காது. கொத்தனார் முதலில் உளியால் சுவர் முழுக்கக் கொத்திவிடுவார், பிறகுதான் பூசுவார். ஆலைகளில் பிரீட்ரீட்மென்ட் என்று சொல்லும் முன்பக்குவமும் அந்தக் கொத்துகிற வேலைதான். ஹெமிசெல்லுலோஸைக் கரைத்தோ, லிக்னினை நீக்கியோ, இடம் மாற்றியோ, தாளுக்குள் நுண்துளைகளைத் திறந்துவிடுகிறோம். நொதி உள்ளே போய் உட்கார அப்போதுதான் இடம் கிடைக்கும்.

பலன் கண்கூடாகத் தெரியும். பக்குவப்படுத்தாத வைக்கோலில் நொதியைப் போட்டால் உள்ளிருக்கும் செல்லுலோஸில் பொதுவாக 20 சதவீதத்துக்கும் குறைவாகவே குளுக்கோஸாகும். நன்றாகப் பக்குவப்படுத்தினால் 80, 90 சதவீதம் வரை போகும்.

எத்தனை முறைகள் இருக்கின்றன? எது நல்லது?

சரக்கைப் பொறுத்தது. வைக்கோலுக்குச் சரியாக வரும் முறை கட்டைக்குச் சரிவராது.

உலகில் அதிகம் பழகிய முறை நீர்த்த கந்தக அமிலம். 0.5 முதல் 2 சதவீத அமிலத்தில் 140 முதல் 190 டிகிரி வரை சூடேற்றினால் சில நிமிடங்களில் ஹெமிசெல்லுலோஸ் கரைந்து சைலோஸ் சர்க்கரையாக வெளியே வந்துவிடும். வேகமான முறை, செலவும் குறைவு. ஆனால் அந்தச் சூட்டில் அமிலம் சாதாரண இரும்பை விட்டுவைக்காது. கலனுக்கு விலையுயர்ந்த உலோகக் கலவை வேண்டும். முதலீட்டில் பெரிய பங்கு அங்கேயே போய்விடும். காரைக்குடியில் இதைச் சொல்லும்போது சிக்ரியை நினைக்காமல் இருக்க முடியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அது. உலோகம் அரிப்பதை ஆராயவே அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. உயிரி எரிபொருளில் நம் ஊருக்கு ஒரு வேலை இருக்கிறதென்றால், அது இந்த அமிலக் கலன் பிரச்சினையாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது நீராவி வெடிப்பு. தாளை உயர் அழுத்த நீராவியில் 160 முதல் 240 டிகிரி வரை சில நிமிடம் வைத்து, அழுத்தத்தைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். இழைக்குள் இருக்கும் நீர் ஒரே நொடியில் ஆவியாகி இழையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். அமிலமே வேண்டாம், அல்லது கொஞ்சம் போதும். மரச்சில்லுகளிலிருந்து அட்டைப் பலகை செய்ய வில்லியம் மேசன் 1920-களிலேயே இந்த வெடிப்பைப் பயன்படுத்தினார்.

மூன்றாவது காரம். சோடியம் ஹைட்ராக்சைடு லிக்னினைக் கரைத்து எடுக்கும். ஒரு கைப்பிடி வைக்கோல் துண்டுகளை 2 சதவீதக் காரக் கரைசலில் போட்டுச் சூடாக்கினால் சிறிது நேரத்தில் நீர் கட்டங்காப்பி நிறமாகும். வடிகட்டி, கழுவக் கழுவ, தாள் வெளிறி, விரல் நடுவே பிசைந்தால் நார் நாராகப் பிரியும். கரைந்து போன அந்தக் கறுப்பு நீர்தான் லிக்னின். நெல் வைக்கோலில் சாம்பல் 10 சதவீதத்துக்கு மேல் உண்டு, அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதுவும் காரத்தில் கரைந்து, பிறகு கறுப்பு நீரைக் காய்ச்சும்போது குழாய்களில் படியும். சுண்ணாம்பையும் காரமாகப் பயன்படுத்தலாம்: ஒரு கிலோ தாளுக்கு ஏறத்தாழ 100 கிராம். மலிவு, ஆபத்தும் குறைவு, ஆனால் மெதுவாக வேலை செய்யும்.

நான்காவது அம்மோனியா, இதன் நாட்டு வடிவம் கீழே தனியாக வருகிறது. ஐந்தாவது எத்தனால், ஃபார்மிக் அமிலம் போன்ற கரிமக் கரைப்பான்கள். அசாமின் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலை கரிம அமிலங்களை வைத்துத்தான் மூங்கிலைப் பிரிக்கிறது.

குக்கரில் வேகவைத்தால் போதாதா?

போதாது, கணக்கு இதோ. 1987-இல் ஓவரெண்டும் ஷோர்னேயும் ஒரு சூத்திரம் சொன்னார்கள்: சூட்டைச் சுமார் 10 டிகிரி ஏற்றினால் அதே பக்குவத்துக்கு நேரம் பாதி போதும். 180 டிகிரியில் 10 நிமிடம் என்றால் 190 டிகிரியில் 5 நிமிடம். இதையே கீழ்நோக்கிப் போடுங்கள். குக்கருக்குள் 120 டிகிரிதான். 180-இல் 10 நிமிடத்தில் ஆகிற வேலை அங்கே 10 மணி நேரம் கேட்கும். 180 டிகிரி நீராவிக்கு அழுத்தம் 10 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் பத்து மடங்கு. சமையலறைப் பாத்திரம் எதுவும் அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

அப்படியானால் இன்னும் அதிகம் சூடேற்றி முழுவதையும் கரைத்துவிடலாமே?

பக்குவம் மீறினால் சர்க்கரை கருகும். சைலோஸ் உடைந்து ஃபர்ஃபியூரலாகும். குளுக்கோஸ் உடைந்து ஹைட்ராக்சிமெதில் ஃபர்ஃபியூரலாகும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து அசிட்டிக் அமிலம் பிரியும். லிக்னினிலிருந்து ஃபீனால்கள் வரும். நான்கும் ஈஸ்டுக்கு நஞ்சு. கலனைத் திறக்கும்போது பாதாம் வாசனை தூக்கலாக வந்தால், சர்க்கரையில் ஒரு பங்கு ஃபர்ஃபியூரலாகப் போய்விட்டது என்று பொருள்.

இதைச் சரிசெய்யும் பழைய வழி சுண்ணாம்பு. அமிலச் சாற்றில் சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை 10 வரை ஏற்றி, சற்று வைத்திருந்து, மறுபடி 5-க்கு இறக்குவார்கள். நஞ்சில் ஒரு பகுதி படிந்து போகும். கூடவே ஜிப்சம் மலைபோல் சேரும். அதை எங்கே கொட்டுவது என்பது ஆலைக்கு அடுத்த கவலை. அதனால் நஞ்சு உண்டாக்கிவிட்டு எடுப்பதைவிட, உண்டாகாத அளவுக்கு மிதமாகப் பக்குவப்படுத்துவதே புத்திசாலித்தனம். முதலில் குறைந்த சூட்டில் ஹெமிசெல்லுலோஸை எடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டாவது சுற்றில் கடுமையாக நடத்துவது இன்னும் நல்லது.

நொதி எங்கிருந்து வருகிறது?

விவசாயிகளுக்கு டிரைக்கோடெர்மா விரிடி தெரியும்; வேரழுகலுக்கு வாங்கிப் போடுகிறோமே, அதன் பங்காளிதான். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் மக்கிப் போயின. அதற்குக் காரணமான பூஞ்சையைப் பிரித்து ஆராய்ந்ததில் கிடைத்ததுதான் டிரைக்கோடெர்மா ரீசி. ஆய்வாளர் எல்வின் ரீஸின் பெயரால் அழைக்கிறார்கள். செல்லுலோஸ் நொதித் தொழிலின் தாய்ப் பூஞ்சை இன்றும் அதுதான். அதன் நொதி 50 டிகிரியில், பிஎச் 5-ஐ ஒட்டி, இரண்டு மூன்று நாள் வேலை செய்யும். நொதியின் விலை இன்னும் பெரிய செலவு. முன்பக்குவம் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாக நொதி போதும்.

இன்னொன்று: சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடாது. அதற்கென்று மரபணு மாற்றிய ஈஸ்ட் தேவை.

ஒரு டன் வைக்கோலுக்கு எத்தனை லிட்டர் கிடைக்கும்?

காய்ந்த வைக்கோலில் செல்லுலோஸ் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்: 350 கிலோ. நீர் சேர்ந்து உடைவதால் அது 389 கிலோ குளுக்கோஸாகும். ஒரு கிலோ குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 0.511 கிலோ எத்தனால். ஆக ஏறத்தாழ 199 கிலோ, அதாவது சுமார் 250 லிட்டர். ஹெமிசெல்லுலோஸ் 20 சதவீதம் என்றால் அதிலிருந்து இன்னும் 145 லிட்டர். காகிதத்தில் கணக்குப் போட்டால் மொத்தம் 400 லிட்டரை நெருங்குகிறது.

நடப்பு வேறு. ஹரியாணாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் கட்டிய ஆலையைப் பிரதமர் 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது அதன் திட்டம். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு 150 லிட்டர். மேடையில் யாராவது 400 லிட்டர் என்று சொன்னால் எந்த ஆலையின் கணக்கு என்று கேளுங்கள்.

"மாட்டுக்குப் போடுற வைக்கோலையும் லாரியில ஏத்திட்டுப் போயிட்டா, எங்க மாடு என்னத்தத் திங்கும் தம்பி?"

கல்லல் பக்கம் ஓர் ஆச்சி கேட்டது. ஆச்சி கேட்டதில் தவறே இல்லை. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் நெல் அறுத்து மூன்று வாரத்துக்குள் கோதுமை விதைக்க வேண்டியிருக்கிறது. தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். பானிப்பட்டு ஆலைக்கு அதனால் நியாயம் இருக்கிறது. நம் சீமை கண்மாயை நம்பி ஒருபோகம் விளையும் சீமை. தையில் அறுத்துப் படப்புப் போட்டால் அதை வைத்துத்தான் அடுத்த மழை வரை கறவை மாடும், சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வளர்க்கிற காளையும் பிழைக்க வேண்டும். இங்கே வைக்கோல் கழிவே இல்லை. செட்டிநாட்டில் வைக்கோலை எத்தனாலுக்குக் கேட்டு யார் வந்தாலும் நான் எதிர்த்தே பேசுவேன்.

அப்படியானால் சீமைக்கருவேலம்? அது தான் ஊர் முழுக்க இருக்கிறதே.

1877-இல் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பக்கம் விதைக்கப்பட்ட மரம், இன்று சிவகங்கை, இராமநாதபுரக் கண்மாய்களுக்குள் காடாக நிற்கிறது. அகற்றச் சொல்லி நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. கட்டையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும். அதிலிருந்து எத்தனால் எடுக்க முடியும் என்று தில்லியில் ஆய்வாளர்கள் செய்தே காட்டியிருக்கிறார்கள்.

சிக்கல் மிச்சப் பங்கில் இருக்கிறது. லிக்னின் கால் பங்குக்கும் மேல். வைக்கோலைவிட நன்றாகக் கூடுதல். கட்டையைச் சில்லுகளாக வெட்டவே மின்சாரம் நிறைய வேண்டும். அமிலமோ நீராவியோ, வைக்கோலுக்குப் போதுமான சூடு இதற்குப் பற்றாது. சூடு ஏற ஏற ஃபீனால்களும் ஃபர்ஃபியூரலும் ஏறும்.

விலையும் ஒரு சிக்கல். இந்த மரம் சும்மா கிடக்கவில்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் வாங்குகிறார்கள். செங்கல் சூளையும் விறகால் ஓடும் மின் நிலையங்களும் வாங்குகின்றன. மூட்டத்துக்கு விற்று வெட்டுக்கூலி பார்க்கும் குடும்பங்கள் பல உண்டு. எத்தனால் ஆலை அந்த விலைக்கு மேல் கொடுத்தாக வேண்டும்.

என் மனத்தை அதிகம் உறுத்துவது மூன்றாவது. ஆலை கட்டினால் 20 ஆண்டுகள் சரக்கு வேண்டும். தூரோடு பிடுங்கி கண்மாயைச் சுத்தமாக்கினால் சில ஆண்டுகளில் சரக்கு தீரும். தூரை விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும், ஆலைக்குக் கொண்டாட்டம், கண்மாய்க்குக் கேடு. மரத்தை ஒழிக்கும் திட்டத்தையும் அதை நம்பி ஓடும் ஆலையையும் ஒரே கையெழுத்தில் போடக்கூடாது.

ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்?

ஊருணியிலிருந்து அள்ளிய ஆகாயத்தாமரை 100 கிலோவில் காய்ந்த சரக்கு 5 முதல் 10 கிலோதான். லிக்னின் குறைவு என்பதால் பக்குவப்படுத்துவது எளிது. ஆனால் லாரி சுமப்பது தண்ணீரை. பொடியாக நறுக்கிச் சாணத்தோடு சாண எரிவாயுக் கலனில் போடுவதே சரி. காட்டாமணக்கு மாட்டுக்கு விஷம். கலனுக்கு அனுப்பலாம், கொட்டகைக்குப் பக்கத்தில் குவிக்காதீர்கள்.

கடலைத்தோல், தேங்காய் மட்டை?

இரண்டிலும் லிக்னின் மிக அதிகம். தேங்காய் நாரில் 40 சதவீதத்தைத் தாண்டும். அடுப்பிலும் பாய்லரிலும் எரிப்பதே அவற்றுக்கு உகந்த வழி.

வெளிநாட்டில் இந்த ஆலைகளை மூடிவிட்டார்களாமே?

உண்மைதான். அமெரிக்காவின் அயோவாவில் டூபாண்ட் நிறுவனம் 2015-இல் திறந்த ஆலை 2017-இல் நின்றது. இத்தாலியின் கிரெசென்டினோ ஆலையும் 2017-இல் நின்றது. தாய் நிறுவனங்களின் பணச் சிக்கல், கச்சா எண்ணெய் விலை இறங்கியது என்று காரணங்கள் பல. ஆலைக்குள்ளே போனால் பொதுவாகக் கேட்கிற காரணம் மண். வயலில் சுருட்டிய தாள் கட்டுகளில் மணலும் கல்லும் சேர்ந்து வரும். அவை சரக்கை உள்ளே தள்ளும் திருகு ஊட்டிகளைத் தேய்த்து, அழுத்தக் கலனின் வாயில் அடைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சுத்தமாக அரைத்துச் சலித்த தூளை வைத்துப் பெறும் எண்களில் இந்தத் தொல்லை தெரியாது.

எங்கள் ஊரில் சின்னதாக ஓர் ஆலை போடலாமா?

வேண்டாம். உயர் அழுத்தக் கலன், நொதி, வடிகலன், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய நான்கும் பெரிய அளவில்தான் கட்டுப்படியாகும். தண்ணீரும் நிறைய வேண்டும்; கண்மாய் வற்றினால் குடிநீருக்கே லாரி பார்க்கும் ஊர்கள் நம்முடையவை.

நம் வட்டாரத்தில் இது எங்காவது பொருந்துமென்றால் அது சர்க்கரை ஆலையை ஒட்டி. சக்கை அங்கேயே ஒரு இடத்தில் குவிகிறது, கழுவி அரைத்து வருகிறது, நீராவிக் கொதிகலன் ஏற்கெனவே நிற்கிறது. எத்தனால் எடுத்த பின் மிஞ்சும் லிக்னினை அதே கொதிகலனில் எரிக்கலாம். ஆனால் சக்கையை எரித்து அந்த ஆலைகள் மின்சாரம் விற்கின்றன. அந்த வருமானத்தைக் கழித்துவிட்டுத்தான் எத்தனால் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

கூடாது. உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். சூடான அமிலமும் அழுத்தமும் சேர்ந்தால் கண்ணுக்கும் உயிருக்கும் ஆபத்து. மரச்சாற்றிலிருந்து வடித்ததைத் தவறியும் வாயில் வைக்காதீர்கள்.

அப்படியானால் இந்த அறிவால் விவசாயிக்கு இன்று ஏதாவது பயன் உண்டா?

உண்டு, நல்ல பயன். யூரியா வைக்கோல் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது அம்மோனியா முன்பக்குவமேதான். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதை 40 முதல் 65 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் போட்டுச் சீராகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் விட வேண்டும். யூரியா சிதைந்து அம்மோனியா பிறக்கும். அது இழையை உப்பவைத்து, லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் பிணைந்திருக்கும் இடங்களைத் தளர்த்தும். திறக்கும்போது நெடி கண்ணைக் கரிக்கும்; மஞ்சள் தாள் பழுப்பாகி, கையில் மிருதுவாகப் படும். ஆற்றவிட்டு நெடி குறைந்த பிறகு கொடுத்தால் மாடு அதிகம் தின்னும், செரிமானமும் கூடும். ஆலையில் நொதிக்குத் திறந்துவிடும் அதே கதவை இங்கே மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்களுக்குத் திறந்துவிடுகிறோம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கொடுக்காதீர்கள். கரையாத யூரியாவோ யூரியாத் தண்ணீரோ மாட்டின் வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அளவை மீறவே கூடாது. முதல் முறை செய்யும்போது பக்கத்துக் கால்நடை மருத்துவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

சிப்பிக்காளான் வளர்க்கும் மகளிர் குழுக்கள் செய்வதும் ஒருவகை முன்பக்குவம்தான். அந்தப் பூஞ்சை லிக்னினை அரிக்க வல்லது. வாரக்கணக்கில் ஆகும், சர்க்கரையிலும் ஒரு பங்கை அதுவே தின்றுவிடும் என்பதால் ஆலைகள் இதை நாடுவதில்லை. காளானை விற்றுவிட்டு, மிஞ்சிய பொதியைச் சாண எரிவாயுக்கோ உரக்குழிக்கோ அனுப்பும் வீட்டுக்கு அந்தக் குறை ஒரு குறையே இல்லை.

கல்லூரியில் இதை புராஜெக்டாக எடுக்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாக எடுங்கள். உள்ளூர்ச் சரக்கையே எடுங்கள்: கருவேலம், கரும்புச் சோகை, காட்டாமணக்கு. முதல் வேலை ஈரப்பதம் அளப்பது. 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். ஈரத்தைக் கழிக்காத எடையில் போட்ட கணக்கு எதுவும் நிற்காது. பக்குவப்படுத்தாத தூளையும் அதே நொதியில், அதே நேரம் ஓட்டி ஒப்பிடுங்கள். பக்குவத்துக்கு முன் எத்தனை கிராம், பின் திடமாக எத்தனை, கரைசலில் எத்தனை என்று கூட்டி, எடைக்கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள். மிஞ்சிய திடப்பொருளில் 90 சதவீதம் சர்க்கரையானது என்று எழுதுகிறவர்கள், கழுவிக் கொட்டிய நீரில் பாதிச் சரக்கு போனதை எழுத மறந்துவிடுகிறார்கள். அந்தக் கழுவிய நீரின் அளவையும் குறித்து வையுங்கள். தேர்வாளர் கேட்காவிட்டாலும் ஆலைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.